டேப் எடுத்து ஹாலை அளந்துட்டு வாங்க: வீட்டு மனிதர்களைப் படம் எடுக்க எந்த ப்ரைம் லென்ஸ்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன சில எபிசோடுகளுக்குப் பிறகு அதிகமா வந்த கேள்வி ஒண்ணுதான். "கேமரா வாங்கிட்டேன், கூட வந்த 18-55 லென்ஸ் இருக்கு. வீட்ல அம்மா, அப்பா, குழந்தைங்களை நல்லா எடுக்கணும். ஒரு ப்ரைம் லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். 35ஆ, 50ஆ, 85ஆ?" இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன். ஆனா லென்ஸ்ல ஆரம்பிக்கலை. எங்க தாத்தா படத்துல ஆரம்பிக்கிறேன்.

தாத்தா தவறினது 2019ல. மறுநாளே ஃப்ரேம் போடுறதுக்கு ஒரு படம் வேணும்னு எல்லாரும் ஃபோனை நோண்டினோம். எங்க வீட்ல அப்போ மூணு பேர்கிட்ட கேமரா இருந்தது, அதுல நானும் ஒருத்தன். ஆனா தாத்தா தனியா, நேரா பார்க்கிற மாதிரி ஒரு படம் கூட யார்கிட்டயும் இல்லை. கடைசியா ஒரு கல்யாண க்ரூப் ஃபோட்டோவிலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிசாக்கினோம். வலது ஓரத்துல பக்கத்துல நின்னவங்க பட்டுப்புடவை ஜரிகை இன்னும் கொஞ்சம் தெரியும். மயிலாப்பூர் வீட்டு ஹால்ல அந்தப் படம் மாட்டியிருக்கு. பாட்டி அதைப் பார்க்கும்போதெல்லாம், "அது அவர் மாதிரியே இல்லடா"ன்னு சொல்லுவாங்க. ஆறு வருஷமா சொல்றாங்க.

அதுக்கப்புறம்தான் பாட்டியை ஒழுங்கா ஒரு படம் எடுத்துடணும்னு எனக்குத் தோணினது. பாட்டிக்கு இப்போ 84 வயசு. கேமராவைத் தூக்கினாலே, "எதுக்குடா, மாலை போடவா?"ன்னு கேட்டுடுவாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது? சிரிச்சுக்கிட்டே கேமராவைக் கீழே வெச்சுடுவேன். அதனால லென்ஸ் தேர்ந்தெடுக்கிறதுன்னா எனக்கு இதுதான் பரீட்சை. பாட்டியை, அவங்க வீட்லயே, அவங்களுக்குத் தொந்தரவு இல்லாம எடுக்க எந்த லென்ஸ் உதவும்?

கிட் லென்ஸ் ஏன் போதலை?

என்கிட்ட இருக்கிறது நிக்கான் டி5300. ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேமை விடச் சின்னது. கூட வந்த 18-55 லென்ஸ் வெளிச்சம் இருக்கிற இடத்துல ரொம்ப நல்ல லென்ஸ். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஜூம் பண்ணி 55க்குப் போனா அதோட அப்பர்ச்சர் எஃப் 5.6க்கு மேல திறக்காது.

மயிலாப்பூர் வீட்ல சாயங்காலம் ஒரே ஒரு டியூப் லைட். ஐஎஸ்ஓவை 1600ல வெச்சா, எஃப் 5.6ல எனக்குக் கிடைச்ச ஷட்டர் ஸ்பீடு விநாடியில் 15ல் ஒரு பங்கு. பாட்டிக்குத் தலை லேசா ஆடிக்கிட்டே இருக்கும், வயசானவங்க நிறைய பேருக்கு இருக்கிறதுதான். அந்த வேகத்துல எடுத்தா முகம் குழம்பிடும். லென்ஸ்ல இருக்கிற வைப்ரேஷன் ரிடக்ஷன் நம்ம கை ஆடுறதைத்தான் சரி பண்ணும், எதிர்ல இருக்கிறவங்க ஆடுறதை அது ஒண்ணும் செய்யாது.

அதே இடத்துல, அதே வெளிச்சத்துல எஃப் 1.8 இருந்தா சுமார் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் ஸ்பீடு 160ல் ஒரு பங்குக்குப் போயிடும். பாட்டி முகம் நிக்கும். ப்ரைம் வாங்கணும்னா எனக்கு முதல் காரணம் இதுதான். பின்னணி அழகா மங்குறது அதுக்கப்புறம்.

"ஃபோன்லயே போர்ட்ரெய்ட் மோடு இருக்கே?"ன்னு கேப்பீங்க. இருக்கு, நானும் எடுக்கிறேன். ஆனா அந்த மங்கல் பெரும்பாலும் கணக்குப் போட்டு வரைஞ்சது. ஜிமிக்கி ஓரம், மூக்குக்கண்ணாடி ஃப்ரேம், மல்லிப்பூவுக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற நரைமுடி, இங்கெல்லாம் தடுமாறும். திரையில சின்னதா பார்க்கும்போது தெரியாது. பெரிசா பிரின்ட் போட்டா தெரியும்.

நான் பண்ணின தப்பு

எல்லாரும் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குன்னு சொன்னாங்க. "நிஃப்டி ஃபிஃப்டி"ன்னு செல்லப் பேரே இருக்கு. நானும் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டினா ஆட்டோஃபோகஸ் வேலை செய்யலை. லென்ஸ் மேல தப்பு இல்லை, என் மேலதான். அது பழைய டி வகை. அந்த லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது, கேமராவுக்குள்ள இருக்கிற மோட்டார்தான் அதைச் சுத்தணும். டி3000, டி5000 வரிசை கேமராக்கள்ல அந்த மோட்டார் இல்லை. இந்தக் கேமராக்கள் வெச்சிருக்கிறவங்க ஏஎஃப்-எஸ்னு போட்டிருக்கிற லென்ஸா பார்த்து வாங்கணும். 50 மி.மீ. எஃப் 1.8ஜி 2011லயும், ஏபிஎஸ்-சிக்குன்னே செஞ்ச 35 மி.மீ. எஃப் 1.8ஜி 2009லயும் வந்தது. ரெண்டுமே செகண்ட் ஹேண்ட்ல சாதாரணமா கிடைக்கிற லென்ஸுங்க. கேனான்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இஎஃப் லென்ஸ் எல்லாத்துலயும் மோட்டார் உள்ளேயே இருக்கு. மிரர்லெஸ் வாங்கினவங்க மவுன்ட் பொருந்துதான்னு பார்த்துக்கணும்.

சரி, மாத்தி 50 எஃப் 1.8ஜி வாங்கினேன். ரெண்டாவது தப்பு அப்புறம்தான் தெரிஞ்சது. ஹால்ல பாட்டியை நாற்காலியில உக்கார வெச்சு, பின்னாடி போனேன், போனேன், முதுகு ஃபிரிட்ஜ்ல இடிச்சது. ஃபிரேமுக்குள்ள பாட்டி மட்டும்தான் இருந்தாங்க. பக்கத்துல வந்து நின்ன அம்மாவுக்குப் பாதி தோள்தான் விழுந்தது.

ஸ்டூடியோவும் நம்ம வீடும்

போர்ட்ரெய்ட்டுக்குன்னே கணக்குப் போட்டு வடிவமைச்ச முதல் லென்ஸ் 1840ல வந்தது. வியன்னாவுல ஜோசப் பெட்ஸ்வால்னு ஒரு கணிதப் பேராசிரியர் போட்ட கணக்கு. எஃப் 3.6 அளவுக்குத் திறந்தது, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். மத்த லென்ஸ்ல நிமிஷக் கணக்குல அசையாம உக்காரணும், இது வந்தப்புறம் அது விநாடிக் கணக்கா குறைஞ்சது. மனுஷங்களை உக்கார வெச்சு எடுக்கிறது ஒரு தொழிலா மாறினதுல அந்த லென்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம ஊருக்கும் அந்தத் தொழில் சீக்கிரமே வந்துடுச்சு. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை, புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க பிரிட்டிஷ் நூலகத்தோட உதவித் திட்டத்துல தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்காங்க. இணையத்துல பார்க்கலாம், பாருங்க. வரைஞ்ச திரைச்சீலை, பக்கத்துல ஒரு முக்காலி, அதுல கை வெச்சு நிக்கிற குடும்பத் தலைவர். உங்க வீட்டு ஆல்பத்துலயும் அப்படி ஒண்ணு கட்டாயம் இருக்கும்.

அந்தப் படங்கள்ல முகங்கள் ஏன் அவ்வளவு சரியா இருக்குன்னு யோசிச்சேன். ஒரு காரணம், ஸ்டூடியோக்காரர் தன் கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஏத்த மாதிரி ஒரு அறையை வெச்சிருந்தார். உக்கார்ற இடம், கேமரா நிக்கிற இடம், வெளிச்சம் வர்ற இடம் எல்லாம் முடிவானது. நமக்கு அப்படி இல்லை. அறை ஏற்கெனவே இருக்கு. சோபாவும் டிவியும் ஃபிரிட்ஜும் அதுல இருக்கு. அதனால நாம அறைக்கு ஏத்த லென்ஸைத்தான் தேடணும். விமர்சனம் படிக்கிறதுக்கு முன்னாடி டேப் எடுத்து ஹாலை அளங்க.

ஒரு சின்னக் கணக்கு

ஏபிஎஸ்-சி கேமராவுக்கு இதை மனசுல வெச்சுக்கலாம். தூரத்தை 24ஆல பெருக்கி, லென்ஸோட மி.மீ. எண்ணால வகுத்தா, படத்துல எவ்வளவு அகலம் விழும்னு ஏறக்குறையத் தெரிஞ்சிடும். கேனான்னா 24க்குப் பதிலா 22. ஃபுல் ஃபிரேம்னா 36.

பத்தடி தள்ளி நிக்கிறோம்னு வெச்சுக்குவோம். 85 மி.மீ. போட்டா மூணடிக்கும் கம்மியான அகலம்தான் விழும், ஒருத்தர் மட்டும்தான். 50 போட்டா நாலே முக்கால் அடி, ரெண்டு பேர் நெருக்கமா. 35 போட்டா கிட்டத்தட்ட ஏழடி, நாலு பேர்.

எங்க மயிலாப்பூர் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு அடின்னு சொன்னாலும், நாற்காலியைச் சுவர்ல ஒட்டிப் போட முடியாது. பின்னாடி ரெண்டடியாவது விடணும், இல்லேன்னா நிழல் சுவர்ல விழும், பாஸ்போர்ட் ஃபோட்டோ மாதிரி ஆயிடும். நம்ம உடம்புக்கு ரெண்டடி. மிச்சம் எட்டடி. அந்த எட்டடியில 85 வெச்சுக்கிட்டு மார்பளவுக்கு மேல எடுக்க முடியாது.

இப்போ இன்னொரு கணக்கு. பாட்டி நாற்காலியில உக்கார்ந்திருக்காங்க. கேமராவை நெடுக்கா பிடிச்சு, தலைக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு, மடியில இருக்கிற கை வரைக்கும் வேணும். அதுக்கு 35 மி.மீ.ல அஞ்சடி தள்ளி நிக்கணும். 50ல ஏழடி. 85ல பன்னிரண்டு அடி. ஃபிரேம் மூணுலயும் ஒண்ணுதான். நான் எங்கே நிக்கிறேன்ங்கிறதுதான் மாறுது.

பாட்டிக்கு இடது காது சரியா கேக்காது. அஞ்சடியில நான் சாதாரணமா பேசினா கேக்கும். ஏழடியில கொஞ்சம் சத்தம் போடணும். பன்னிரண்டு அடியில கத்தணும். கத்திக்கிட்டே ஒருத்தரைப் படம் எடுத்தா, அவங்க முகத்துல "என்ன சொல்றான்?"ங்கிற பாவம்தான் வரும். ரெண்டு மாசம் 50 வெச்சு எடுத்த படங்கள்ல பாட்டி முகம் பூரா அந்தப் பாவம்தான்.

35ல மூக்கு பெரிசாத் தெரியுமே?

இது நியாயமான பயம். ஆனா மூக்கைப் பெரிசாக்குறது லென்ஸ் இல்லை, தூரம். ரெண்டடியில போய் நின்னா எந்த லென்ஸா இருந்தாலும் மூக்கு முன்னாடி வரும், காது பின்னாடி போகும். அகலமான லென்ஸ் இருக்கும்போது ஃபிரேமை நிரப்புறதுக்காக நாம கிட்டப் போயிடுறோம், அதனால பழி லென்ஸ் மேல விழுது. என் கணக்குல அஞ்சடிக்கு உள்ளே போகாதீங்க. முகம் மட்டும் பெரிசா வேணும்னா அஞ்சடியிலேயே எடுத்து, அப்புறம் வெட்டிக்கலாம். இல்லேன்னா அந்த ஒரு படத்துக்கு 50 நல்லது.

எஃப் 1.8 இருக்கேன்னு எப்பவும் முழுசா திறந்து வெக்காதீங்க. 35ல அஞ்சடியில எஃப் 1.8னா, தெளிவா இருக்கிற ஆழம் சுமார் 13 செ.மீ. 50ல அதே அஞ்சடியில அதுல பாதிதான். பாட்டியோட வைர மூக்குத்தி இருக்கே, ஆட்டோஃபோகஸ் நேரா அதைப் போய்ப் பிடிச்சுக்கும். மூக்குத்தி பளிச்சுன்னு இருக்கும், கண்ணு மங்கலா இருக்கும். ஒத்தைப் புள்ளி ஃபோகஸ் வெச்சு, கிட்ட இருக்கிற கண்ணுல வைங்க. வெளிச்சம் இருந்தா எஃப் 2.8க்கு வாங்க.

தி.நகர், அடையாறு

அப்போ 50ம் 85ம் வீணான்னு கேட்டா, இல்லை. தி.நகர்ல எங்க அத்தை ஃப்ளாட் இருக்கு. ஹால் பதினோரு அடி அகலம், ஆனா சாப்பாட்டு மேஜை வரைக்கும் சேர்த்து இருபத்திரண்டு அடி நீளம். தீபாவளிக்கு ஒன்பது பேர் சேர்ந்தோம். முன்வரிசையில நாலு பேர் உக்கார, பின்னாடி அஞ்சு பேர் நிக்க, எட்டடி அகலம் வேணும். 50க்குப் பதினேழு அடி தள்ளிப் போகணும், அங்கே போக முடிஞ்சது. ஓரத்துல நிக்கிறவங்க உடம்பு இழுபடாம, எல்லாரும் ஒரே அளவுல தெரிஞ்சாங்க. ஆனா ரெண்டு வரிசைன்னா எஃப் 4 வைங்க. 1.8ல எடுத்தா பின்வரிசை மாமாக்கள் மங்கிடுவாங்க, அப்புறம் வருஷம் பூரா அதைச் சொல்லிக் காட்டுவாங்க. எஃப் 4க்கு வெளிச்சம் வேணும், அதனால க்ரூப் ஃபோட்டோவைப் பகல்ல, பால்கனிக் கதவைத் திறந்து வெச்சு எடுத்துடுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம்னு தள்ளிப் போடாதீங்க, ரெண்டு பேர் தூங்கப் போயிடுவாங்க.

85 எனக்குப் பயன்பட்டது பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில. நான் இருக்கிறது அடையாறு. என் பொண்ணுக்கு ஆறு வயசு. காலையில ஆறரை மணி வெயில்ல கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துப் பக்கம் ஓடிக்கிட்டிருப்பா. 1930ல கடல்ல மூழ்கினவங்களைக் காப்பாத்தப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமியோட நினைவுச் சின்னம் அது. அந்த வெள்ளைச் சுவர் பின்னாடி மங்கி நிக்க, இருபதடி தள்ளி இருந்து அவளை எடுத்தா, அவளுக்கு நான் எடுக்கிறதே தெரியாது. குழந்தைக்குத் தூரம் நல்லது, பாட்டிக்குக் கிட்டம் நல்லது. அந்த 85 நான் வாங்கலை, ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். சென்னையில சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, அடையாள அட்டை கேப்பாங்க. ஒண்ணு மட்டும், கடற்கரையில லென்ஸைக் கழட்டி மாட்டாதீங்க. மணலும் உப்புக்காத்தும் உள்ளே போயிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி

காசு செலவில்லாம ஒரு சோதனை இருக்கு. உங்க 18-55ஐ 35ல வெச்சு, அசையாம ஒரு செலோடேப் ஒட்டுங்க. ஒரு வாரம் வீட்ல அதுலயே எடுங்க. அடுத்த வாரம் 50ல ஒட்டுங்க. எதுல உங்க முதுகு சுவர்ல இடிக்குது, எதுல நீங்க ரொம்பக் கிட்டப் போறீங்கன்னு தெரிஞ்சிடும். பழைய படங்களோட விவரத்தைத் திறந்து பார்த்தாலும், எந்த எண்ணுல அதிகமா எடுத்திருக்கீங்கன்னு தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினா, ஃபோன் டார்ச்சைப் பின்பக்கமா அடிச்சு உள்ளே பாருங்க. சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா பூஞ்சை, வாங்காதீங்க. நம்ம ஊர் ஈரக்காத்துக்குப் புது லென்ஸ்லயே அது வரும். தோல் பையில போட்டு பீரோவுல வெக்காதீங்க. காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, அதைவிட முக்கியம், அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துங்க.

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும், வீட்டுக்குள்ளதான் எடுக்கப் போறேன்னா என் பதில்: ஏபிஎஸ்-சிக்கு 35, ஃபுல் ஃபிரேமுக்கு 50. உங்க ஹால் பதினஞ்சு அடிக்கு மேல இருந்தா, தனி ஆள் படம்தான் அதிகம்னா, ஏபிஎஸ்-சியிலயும் 50 எடுங்க. 85 ரெண்டாவது லென்ஸ்.

பாட்டி படம்

நான் 50ஐ ஒரு நண்பருக்குக் கொடுத்துட்டு 35 வாங்கினேன். போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலை ஒன்பது மணி. மயிலாப்பூர் வீட்டு ஜன்னல் கிழக்குப் பார்த்தது. பாட்டி ஜன்னல் பக்கத்துல உக்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தாங்க. நான் எதிர்ல ஒரு முக்காலி போட்டு உக்கார்ந்தேன். அஞ்சடி. எஃப் 2.8. கேமரா மடியில.

"தாத்தா படம் ஏன் அவர் மாதிரி இல்லை, பாட்டி? என்ன குறையுது?"ன்னு கேட்டேன். இத்தனை வருஷத்துல நான் அதைக் கேட்டதே இல்லை. பாட்டி கையை நிறுத்தினாங்க. "அவர் யாரையாவது பார்த்தா முதல்ல கண்ணு சிரிக்கும், அப்புறம்தான் வாய் சிரிக்கும். அந்தப் படத்துல வாய் மட்டும் சிரிக்குது"ன்னாங்க. சொல்லும்போதே அவங்க கண்ணு சிரிச்சது. நான் கேமராவை எடுத்தேன். நாலு தடவை கிளிக் பண்ணினேன். "மாலை போடவா?"ன்னு கேக்கலை. பேச்சைத் தொடர்ந்துக்கிட்டே இருந்தாங்க.

பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டுக்குப் பன்னிரண்டு இன்ச். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "பரவாயில்லை. யார்கிட்டயோ பேசிக்கிட்டிருக்கேனே"ன்னாங்க. உங்க பேரன்கிட்டதான்னு சொன்னேன். "இப்பவே மாட்டாதே. ஷோகேஸ்ல வை. தாத்தா படத்துக்கு எதிர்ல"ன்னாங்க. அங்கேதான் இருக்கு.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்ல மூத்தவங்க வழக்கமா உக்கார்ற இடத்துல இருந்து, எதிர்ல நீங்க நிக்கக்கூடிய இடம் வரைக்கும் எத்தனை அடின்னு அளந்து எழுதி அனுப்புங்க. என்ன கேமரான்னும் சொல்லுங்க. எந்த லென்ஸ் பொருந்தும்னு அடுத்த எபிசோட்ல ஒவ்வொண்ணா பார்க்கலாம்.